ஏழாம் நம்பர் மூடி ஏன் பச்சையாக இருந்தது

இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அவர். செடித்தொட்டிக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், நாய் கட்டியிருக்கும் மூலையில் என்று மீட்டர்கள் எங்கெங்கே ஒளிந்துகொண்டிருக்கும் என்பது அந்த வட்டாரத்தில் அவர் ஒருவருக்குத்தான் அத்துப்படி. பிறகு ஒரு வருடம் எல்லா வீடுகளிலும் தன் அளவைத் தானே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும் புது மீட்டர் வந்து உட்கார்ந்தது. பழைய ஆட்கள் பதினான்கு பேரையும் ஆளுக்கொரு பிரிவுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒருவருக்குப் பூங்கா, ஒருவருக்கு நூலகம். இவர் கைக்கு வந்த தாளில் 'கழிவுநீர் மாதிரி சேகரிப்பு' என்று இருந்தது.

"கழிவுநீர்னா?" என்று கேட்டார் கணவர். அவர் தையல்காரர். வாசல் அறையில் மெஷின் போட்டிருந்தார். சட்டைக் காலரில் ஒரு பிசிறு தொங்கினால்கூடச் சாப்பாடு இறங்காத மனிதர்.

"கழிவுநீர்தான்."

"நல்ல தண்ணிக்குப் பக்கத்துல வர்ற ஏதாவது வேலையா?"

"இல்லீங்க. நல்ல தண்ணி நம்ம உள்ள போய் வெளிய வருதுல்ல, அது."

கணவர் கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினார். பிறகு நிறுத்திவிட்டு, "நூலகத்துல வேற இடம் இல்லையாமா?" என்று கேட்டார்.

இல்லை என்றார்கள். எனவே ஐம்பத்திரண்டாவது வயதில் அவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டார்.

வேலை என்னவென்று முதல் நாள் விளக்கியவர் லேப் மேடம். முப்பது வயதுக்காரர். சோடாபுட்டிக் கண்ணாடி, பட்டாசு வெடிக்கிற மாதிரிப் பேச்சு. தெரியாமல் மெஷின்மேல் இடித்துக்கொண்டால் மெஷினிடமே மன்னிப்புக் கேட்பார்.

"அக்கா, ஒருத்தருக்கு நோய் வந்தா உடனே டாக்டர்கிட்ட போறாங்களா? நாலு நாள் கஷாயம், ரெண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரங்க சொன்ன மாத்திரை, அப்புறம்தான் டாக்டர். சில பேர் போறதே இல்லை. ஆனா எல்லாரும் டாய்லெட்டுக்குப் போறாங்கல்ல? வைரஸ் அவங்க வயித்துலருந்து நேரா சாக்கடைக்கு வந்துடுது. அதை நாம முதல்லயே பிடிச்சுட்டா, எந்தத் தெருவுல என்ன நோய் கிளம்புதுன்னு ஆஸ்பத்திரிக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சுடும்."

"யார் வீடுன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா. தெரு அளவுலதான் தெரியும். யார் மானமும் போகாது."

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

மொத்தம் பதினொரு மூடிகள். வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும். சுற்றிலும் நான்கு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துவிட்டு, இரும்புக் கொக்கியால் பாதாளச் சாக்கடை மூடியை நெம்பித் தூக்குவார். உள்ளே ஒரு சின்ன மெஷின் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் காலையிலிருந்து கால் மணிக்கு ஒரு வாய் என்று குழாய் வழியாக உறிஞ்சி ஒரு கேனில் சேர்த்து வைத்திருக்கும். கேனைக் குலுக்கி, அதிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பி, துடைத்து, சீட்டு ஒட்டி, தோளில் தொங்கும் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த மூடிக்குப் போவார். நாலே வாரத்தில் 'மூடியக்கா' ஆகிவிட்டார். அத்தை என்று கூப்பிட வேண்டிய குழந்தைகளும் மூடியக்கா என்றன. அதில் ஒன்று ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன ஃப்ளேவர்?" என்று கேட்டது. "எல்லா ஃப்ளேவரும் கலந்தது" என்றார்.

வீட்டில் கணவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், இரண்டு முறை சோப்பு போட வேண்டும், உடுப்புக்குத் தனி வாளி. ஆனால் மூன்றாவது மாதம் தடித்த துணியில் ஒரு மேல்கோட்டு தைத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். கையுறைக்கு ஒரு பை, சீட்டுக்கு ஒன்று, பேனாவுக்கு ஒன்று என்று ஒன்பது பைகள் இருந்தன.

"வேலைக்கா தைச்சீங்க?"

"மழைக்கு" என்றார் கணவர்.

ஏழாம் நம்பர் மூடி அவருடைய சொந்தப் பேட்டையில் இருந்தது. மூன்று குறுக்குத் தெருக்களின் கழிவும் செருப்புக் கடை முனையில் வந்து சேரும் இடம் அது. மூடியக்காவின் வீடும் அந்த மூன்றில் ஒன்றில்தான். ஒவ்வொரு திங்களும் சுகாதார அலுவலகம் பதினொரு மூடிகளின் நிலவரத்தை வண்ணத்தாளாக வெளியிடும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கதை கந்தல்.

அந்த வருடம் ஏழாம் நம்பர் ஐந்து வாரம் தொடர்ந்து பச்சையாக வந்தது. சும்மா பச்சை இல்லை, நகரிலேயே முதல் பச்சை.

குடியிருப்போர் சங்கத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். ஒன்பது வருடமாகத் தலைவர், வேறு யாரும் நிற்காததால். ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுப் பழக்கம் விடவில்லை. தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை முனைக் கட்டடத்தில் சங்கக் கூட்டம் நடத்துவார். யாரும் வராவிட்டாலும் நடக்கும். பச்சைச் செய்தி வந்ததும் செருப்புக் கடைக்கு எதிரே பெரிய பேனர் கட்டினார். 'நகரின் தலைசிறந்த ஆரோக்கியத் தெருக்கள். உழைத்தவர்: தலைவர்.' எதற்காக உழைத்தார் என்று எழுத, அவர் படத்தைப் போட்ட பிறகு இடம் மிஞ்சவில்லை.

பேனர் திறப்பு விழாவில் தலைவர் மூன்றே நிமிடம் பேசினார். முக்கால் மணிக்குக் குறைந்து மைக்கை விடாதவர், பாதி வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு வேக வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். கூட்டமும் கைதட்டிய கையோடு கலைந்தது. ஒருவர்கூட நின்று பேசவில்லை.

உண்மை என்னவென்றால், மூன்று தெருவிலும் பாதிப் பேருக்கு வயிறு கலக்கிக்கொண்டிருந்தது. ஆனால் தெருவே ஆரோக்கியத்தில் முதலிடம் என்று பேனர் தொங்கும்போது, நமக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று ஒவ்வொரு வீடும் கூசிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தது. மருந்துக் கடைக்காரர்தான் மூடியக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நம்ம தெருவுல எல்லாருக்கும் வெளியூர்ல ஒரு சொந்தக்காரர் இருக்கார் போல."

"ஏன்?"

"வந்து வயித்துப்போக்கு மாத்திரை கேக்கறாங்க. யாருக்குன்னு கேட்டா, வெளியூர்ல இருக்கற சொந்தக்காரருக்காம். உப்புச் சர்க்கரைப் பொடி ரெண்டு பெட்டி காலி. தலைவரே வந்து வெளியூர் மச்சானுக்குன்னு வாங்கிட்டுப் போனார். அவருக்கு மச்சானே கிடையாது."

மூடியக்காவுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. முந்தின வியாழக்கிழமை அவர் கணவர் ஒன்பது முறை மெஷினை விட்டு எழுந்து ஓடியிருந்தார். ஒரு கால்சட்டைக்கு ஒரு காலைத்தான் தைத்து முடிக்க முடிந்தது.

மூடியக்கா நேராக லேப் மேடத்திடம் போனார். "மேடம், ஏழாம் நம்பர் மஞ்சளாகறதுக்கு எங்க வீட்டுக்காரர் ஒருத்தரே போதும். எப்படிப் பச்சை வருது?"

"நம்பர் அப்படித்தான்க்கா வருது. நாங்க கம்ப்யூட்டர்ல போடறோம், அதுவே கணக்குப் பண்ணி வண்ணம் கொடுத்துடுது."

"கம்ப்யூட்டரை எங்க வீட்டு வாசல்ல அரை நாள் உட்கார வைங்க மேடம். அதுக்கே தெரியும்."

விஷயம் சுகாதார அதிகாரியின் காதுக்குப் போயிற்று. அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். மூடியக்காவைக் கூப்பிட்டு, எதிரே நிற்க வைத்து, தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"தெருவுல நோய் இருக்குங்கறீங்க. பாட்டில்ல இல்லை. அப்ப பாட்டில்ல இருக்கறது அந்தத் தெருத் தண்ணிதானா? இல்ல, வெயில்ல எதுக்கு அலையறதுன்னு பக்கத்துல ஏதாவது குழாய்ல…"

மூடியக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"சார், பூட்டின வீட்டு மீட்டரைச் சுவரேறிக் குதிச்சுப் பார்த்திருக்கேன். ஒரு தடவை நாய் கடிச்சுது. அந்த நாய் கால்ல தொங்கிட்டிருக்கும்போதுகூட நம்பரைச் சரியாத்தான் எழுதினேன். என்னைப் பார்த்து இப்படிக் கேக்கறீங்களே!"

அதிகாரி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் மூடியக்கா வீட்டுக்கு வரும் வழியில் செருப்புக் கடை மூடியிருந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்தார். கடைக்காரரின் பேத்திக்கு, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு, வாந்தியும் பேதியும் நிற்காமல் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை தினமும் கடை வாசலில் உட்கார்ந்து, மூடி திறக்கிறபோதெல்லாம் கைதட்டும். மூடியக்கா பூட்டிய ஷட்டரையும் மேலே ஆடுகிற பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குப் போய் மூன்று முறை சோப்பு போட்டுக் குளித்தும் கோபம் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு லேப் வாசலில் போய் நின்றார்.

"மேடம், கிளம்புங்க."

"எங்கக்கா?"

"ஏழாம் நம்பருக்கு. நான் எங்க எடுக்கறேன்னு உங்க கண்ணால பாருங்க."

நான்கு வருடமாகப் பாட்டில் பாட்டிலாகச் சாக்கடையை ஆராய்ந்தவர் லேப் மேடம். ஆனால் திறந்த மூடி ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டோடு வந்தார். மூடியக்கா கூம்புகளை வைத்தார், கொக்கி போட்டுத் தூக்கினார். லேப் மேடம் ஆவலாகக் குனிந்தார். அடுத்த நொடி ஐந்து தும்மல், ஒன்றன்பின் ஒன்றாக. கண்ணாடி கழன்று விழப்போனதை மூடியக்கா எட்டிப் பிடித்தார்.

"சாக்கடை இப்படியாக்கா எரியும்?" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இது மட்டும்தான் மேடம். ரெண்டு மூணு மாசமா இப்படித்தான் கண்ணைக் கரிக்குது. யாரோ புது சோப்பு போடறாங்கன்னு நினைச்சேன்."

லேப் மேடம் மறுபடி குனிந்தார், முகர்ந்தார், மறுபடி தும்மினார். பிறகு நடுத்தெருவில், ஒரு ஆரஞ்சுக் கூம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது சோப்பு இல்லை. மிளகாய்!"

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். சாக்கடையில் நோய்க் கிருமியை மட்டும் எண்ணினால் போதாது. மழைத் தண்ணீரோ வேறு தண்ணீரோ கலந்தால் குறைவாகத் தெரியும். அந்தப் பாட்டிலில் எத்தனை பேர் பங்கு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதற்கு லேப்பில் மிளகாய்ச் செடிக்கு வரும் ஒரு வைரஸை அளப்பார்கள். செடிக்குத்தான் அது நோய், மனிதனை ஒன்றும் செய்யாது. மிளகாய் சாப்பிடுகிற எல்லார் வயிற்றிலும் புகுந்து அப்படியே வெளியே வந்துவிடும். அது அதிகம் என்றால் ஆட்கள் அதிகம். நோயை அந்த எண்ணிக்கையைக் கொண்டு வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கிடைக்கும்.

"இப்ப யாரோ மிளகாயையே நேரா சாக்கடையில விடறாங்க. கம்ப்யூட்டர் என்ன நினைக்குது? மூணு தெருவுல ஒரு லட்சம் பேர் இருக்காங்கன்னு நினைக்குது! ஒரு லட்சம் பேருக்கு இவ்வளவு நோய்தானான்னு பச்சை கொடுத்துடுது!"

"அப்ப எங்க வீட்டுக்காரரை ஒரு லட்சத்தால வகுத்துட்டீங்க" என்றார் மூடியக்கா.

"ஆமாக்கா" என்றார் லேப் மேடம், வெட்கத்தோடு.

இருவரும் குழாய் போகும் வழியே மேல்நோக்கி நடந்தார்கள். முதல் குறுக்குத் தெருவின் மூடியைத் திறந்தார்கள். வழக்கமான வாசனை. இரண்டாவதிலும் அதே. மூன்றாவது தெரு மூடியைப் பாதி தூக்கும்போதே லேப் மேடம் தும்மினார். அதற்குப் பிறகு அவர் மூக்குதான் வழிகாட்டி. மூடிக்கு மூடி தும்மல் எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், ஒரு இரண்டு மாடி வீட்டின் பின்பக்கம் போய் நின்றது. மூடியக்காவுக்கு அந்த வீட்டு மீட்டர் இருக்கும் இடம்கூடத் தெரியும். அது தலைவரின் வீடு.

பின்கதவைத் தட்டினார். திறந்தவர் தலைவரின் மனைவி. முழங்கை வரை சிவப்பு. மூக்கைச் சுற்றித் துண்டு. கண்ணில் பேரனின் நீச்சல் கண்ணாடி.

"அவர் அனுப்பினாரா?" என்று பதறினார்.

"இல்லக்கா, நான்தான்."

"அப்பாடா! உள்ள வாங்க, சீக்கிரம், கதவைச் சாத்துங்க."

உள்ளே மூட்டை மூட்டையாகச் சிவப்பு மிளகாய். பெரிய அரைக்கிற மெஷின் ஒன்று, அண்டாக்கள் மூன்று, சுவரோரம் வரிசையாக முந்நூறு பாட்டில். மிளகாய் சாஸ். மூன்று மாதமாகக் கடைகளுக்குப் போகிறதாம். கணவர் பத்து மணிக்குக் கூட்டத்துக்குப் படி இறங்கியதும் மெஷின் ஓடத் தொடங்கும். பன்னிரண்டுக்குள் அண்டா, மெஷின், தரை எல்லாவற்றையும் இருபது வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி முடித்துவிடுவார்.

"எதுக்குக்கா ஒளிஞ்சு பண்றீங்க?"

"வீட்டுக்குள்ள வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு சங்கத்துல விதி எழுதினவரே அவர்தான். அவர்கிட்ட எப்படிச் சொல்ல? கடையில வாங்கினேன்னு சொல்லித்தான் தட்டுல ஊத்தறேன். நக்கி நக்கிச் சாப்பிட்டுட்டு, 'உனக்கு ஜென்மத்துக்கும் இப்படிப் பண்ண வருமா?'ன்னு என்னையே கேக்கறார்."

லேப் மேடத்துக்கு இது எதுவும் காதில் விழவில்லை. புதையல் கிடைத்தவர்போலக் கழுவுகிற தண்ணீரைச் சோதனைக் குழாய்களில் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது முன்கதவு படாரென்று திறந்தது. மணி பதினொன்றே முக்கால்தான். தலைவர், வேட்டையிலிருந்து தப்பி ஓடுகிறவர்போல, கூடத்தைக் கடந்து, மூன்று பெண்களையும் முந்நூறு பாட்டில்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்போட்டார். சற்று நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு வந்திருக்காங்க?"

"சுகாதார அலுவலகத்துலருந்து" என்றார் மனைவி.

பிறகு, "நம்ம தெரு பச்சைதானே?" என்றது குரல்.

"நீங்க வெளிய வந்ததும் பேசிக்கலாம் சார்" என்றார் மூடியக்கா.

"கொஞ்சம் நேரமாகும்."

"எத்தனை நாளா சார்?"

"இன்னிக்குத்தான், திடீர்னு…"

"பன்னெண்டு நாளா" என்றார் மனைவி.

கதவுக்கு அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

லேப் மேடம் உறைபெட்டியில் எடுத்து வைத்திருந்த பழைய பாட்டில்களை அன்றே வெளியே எடுத்தார். மிளகாய்க் கணக்கை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் அளந்தார். ஐந்து வாரமும் ஏழாம் நம்பர் சிவப்பு. சும்மா சிவப்பு இல்லை, நகரிலேயே முதல் சிவப்பு.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் கூட்டம். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக நாற்காலி போதவில்லை. சுகாதார அதிகாரி எழுந்து, யார் யார் வீட்டில் வயிற்றுப்போக்கு என்று கேட்டார். ஒரு கை எழவில்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பாவம், வெளியூரிலேயே இருந்தார்கள்.

மூடியக்கா எழுந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு போன வியாழக்கிழமை ஒன்பது தடவை" என்றார்.

இரண்டாவது வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். அவர் காது நுனி வரை சிவந்துவிட்டது. பிறகு தொண்டையைக் கனைத்து, "பத்து" என்றார். "ஒண்ணு அவங்களுக்குத் தெரியாது."

அதோடு அணை உடைந்தது. "எங்க வீட்டுல மூணு பேருக்கு!" "எனக்கு ஒரு வாரமா!" "பத்தெல்லாம் ஒரு பெரிய விஷயமா, எங்க மாமனாருக்குப் பதினாலு!" வெட்கம் போய்ப் போட்டி வந்துவிட்டது. கடைசியில் தலைவரும் எழுந்து, எண்ணிக்கை சொல்லாமல், "நானும்தான்" என்று சொல்லி உட்கார்ந்தார். அன்று அவருக்குக் கிடைத்த கைதட்டல் பேனர் திறந்தபோது கிடைத்ததைவிடப் பெரியது.

அதிகாரி வீட்டுக்கு ஒன்றாக வரைபடத்தில் புள்ளி வைத்தார். புள்ளிகள் எல்லாம் ஒரே குடிதண்ணீர்க் குழாய் ஓரமாக வந்து வரிசை கட்டின. தோண்டிப் பார்த்ததில், மூன்றாவது குறுக்குத் தெருவில் அந்தக் குழாயில் விரல் நீள விரிசல், பக்கத்திலேயே சாக்கடைக் குழாயின் இணைப்பில் கசிவு. இரண்டும் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தன. இரண்டு நாளில் மாற்றினார்கள். இரண்டு வாரம் எல்லாரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். செருப்புக் கடைக்காரரின் பேத்தி அதற்குள் வீடு திரும்பி, வாசலில் உட்கார்ந்து கைதட்டத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்த அன்று மூடியக்கா மூடியை இரண்டு முறை திறந்து மூடினார்.

தலைவர் விதியைத் திருத்தினார். கழுவும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் பிடித்து அப்புறப்படுத்தினால் வீட்டில் தொழில் செய்யலாம் என்று எழுதினார். சாஸ் தன் மனைவி கைப்பக்குவம் என்று தெரிந்த அன்று, தட்டில் ஊற்றியதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, "காரம் கொஞ்சம் தூக்கல்" என்றாராம்.

அதிகாரிக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக மாதிரி சேகரிக்கும் படிவத்தில் 'குறிப்பு' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். மூடியருகே சேகரிப்பவர் கண்டது, முகர்ந்தது எதுவானாலும் அதில் எழுதலாம். முதல் வாரம் மூடியக்கா கட்டம் நிரம்பி, ஓரம் நிரம்பி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். "ரெண்டு வரியில எழுதுங்கம்மா" என்றார் அதிகாரி, கொஞ்சம் பயந்த குரலில்.

இப்போதெல்லாம் இரண்டு வரிதான். லேப் மேடம் மெஷினைத் தட்டிவிடுவதற்கு முன் அதைத்தான் முதலில் எடுத்துப் படிக்கிறார். போன செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் மூடிக்கு எதிரே இப்படி இருந்தது: 'பக்கத்து மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடி வந்திருக்கிறது. சோப்பு நிறையப் போடுகிறார்கள், நல்ல மனிதர்களாகத் தெரிகிறது.'